நாலாம் தட்டு இல்லாத நாடகம்

வாய்க்குள் சேர்த்து வைத்திருந்த எச்சில் உதட்டிலிருந்து நூலாக இறங்கி, கறுத்துக் கிடந்த ஓர் இசைத்தட்டின் மேல் காலணா அளவுக்கு விழுந்ததைப் போன மாதம் பெங்களூரில் ஒரு பழைய தட்டுக் கடையில் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கடைக்காரர் அதை மூன்று விரலால் வட்டமாகத் தேய்த்தார். பிறகு வியர்வையில் ஊறிய வேட்டி ஓரத்தைத் தூக்கித் துடைத்துவிட்டு, "பாருங்கம்மா, கண்ணாடி மாதிரி மூஞ்சி தெரியுது" என்று என் முகத்துக்கு நேரே நீட்டினார். புகையிலை நாற்றம் குப்பென்று அடித்தது. மூஞ்சி தெரியத்தான் செய்தது. அது அப்போது கோணியிருந்த லட்சணத்தை நானே பார்த்துக்கொண்டேன். தட்டை அவர் கையிலேயே விட்டுத் திரும்பினேன். கடைப் படியில் இறங்குவதற்குள், நாமே ஒரு கடை வைத்தால் என்ன என்ற எண்ணம் எனக்கு வந்துவிட்டது.

பழைய இசைத்தட்டு சேர்க்கிறவர்களுக்கு நல்ல கடை எது என்று கேட்டால், நிறைய சரக்கு இருக்கவேண்டும், அபூர்வமான பெயர்கள் இருக்கவேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது அது அல்ல. கேவலமான கடை எப்படி இருக்கும் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அதை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தால் நல்ல கடை கிடைத்துவிடும் என்று நம்புகிறேன்.

அந்தக் கேவலமான கடை கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை பஜாரில் இருந்தது. ஏகாம்பரம் என்பவருடையது. பஜாரில் மற்றக் கடைக்காரர்கள் அரிசியையும் துணியையும் எவ்வளவு பதவிசாக வைத்திருப்பார்கள்! இவர் கடையில் இசைத்தட்டுகள் தோசை அடுக்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடக்கும். அடியில் இருப்பவை பாரம் தாங்காமல் வளைந்திருக்கும், வெயில் பட்ட முன்வரிசை அப்பளமாக நெளிந்திருக்கும், உறைகளுக்கு நடுவே பல்லி முட்டை இருக்கும். போதாததற்கு எங்கள் ஊர் மண் வேறு. தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிக் கொட்டி மலையான சாம்பல் நிற மேடுகளிலிருந்து காற்றுக் காலத்தில் "சயனைட் மண்ணு" கிளம்பிவரும். சோற்றில் நறநறக்கும், கண்ணில் உறுத்தும், தட்டின் வரிகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு ஊசி ஓடும்போதெல்லாம் பாடுகிறவரின் குரல்வளையை அரம்போல் ராவும். ஒரு துணி போட்டு மூடவேண்டும் என்று அந்த மனிதருக்குத் தோன்றியதே இல்லை. எல்லாவற்றையும்விட மோசம், தட்டைப் போட்டுக் காட்ட அவர் கடையில் ஒரு பாட்டுப் பெட்டிகூட வைத்திருக்கவில்லை.

நாங்கள் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தை ஒட்டி, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அப்பா சாமுவேல், சுரங்கத்துக்கு அடியில் பாறை சரியாமலிருக்க மரமுட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தார். அம்மா எஸ்தர், பிறந்தது குடியாத்தம். வேதக்காரரைக் கட்டிக்கொண்டு கிறிஸ்தவளானாள் என்பதற்காக, அவள் கைக்குழந்தையோடு போய் வாசலில் நின்றபோது அவளுடைய அண்ணன் உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டாராம். அந்தக் கைக்குழந்தை நான். இதை எனக்குச் சொன்னவர் அப்பா. அம்மா அண்ணன் என்ற சொல்லை என் காதுபட ஒரே ஒரு நாள்தான் வாயில் எடுத்தாள்.

எனக்கு நினைவு தெரிவதற்குச் சற்று முன்பு, ஒரு சனிக்கிழமை, அப்பா ஏகாம்பரம் கடையில் ஒரு நாடக "செட்டு" வாங்கி வந்திருக்கிறார். ஆறு தட்டுகள், இரண்டு பக்கமும் வசனமும் பாட்டும். மறுநாள் கோயில் முடிந்து வந்து எல்லாரோடும் உட்கார்ந்து கேட்கலாம் என்று அம்மா தட்டுகளை அட்டைப் பெட்டியோடு சுவர்ப் பலகையில் ஏற்றிவைத்தாள். அன்று மாலை அப்பா வேலைக்கு இறங்கியிருந்தபோது அடியில் பாறை வெடித்து லைன் முழுக்கக் குலுங்கியது. எங்கள் ஊரில் அது புதிதல்ல. குலுங்கியவுடன் பெண்கள் போட்டது போட்டபடி சுரங்கத்தின் வாயான ஷாப்டை நோக்கி ஓடுவார்கள். கூண்டில் ஏறிவரும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். அப்பா ஏறி வந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பலகையிலிருந்து பெட்டி விழுந்து, நாலாம் தட்டு மட்டும் தூளாகியிருந்தது. "ஆளு வந்துதே, பிளேட்டு போனா போவுது" என்று அம்மா விளக்குமாற்றால் கூட்டி அள்ளினாள்.

அடுத்த நாள் நாடகத்தைப் போட்டுக் கேட்டபோதுதான் போனது எது என்று புரிந்திருக்கிறது. அண்ணனால் சொத்தெல்லாம் பறிக்கப்பட்ட ஒரு பெண்ணின் கதை அது. மூன்றாம் தட்டின் முடிவில் அவள் மழையில் நின்று, "அண்ணா, கதவைத் திற" என்று தட்டுவாள்; தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்கும். ஐந்தாம் தட்டின் தொடக்கத்தில் அவள் சிறையில் இருப்பாள். "செய்ததற்கு வருத்தமில்லையா?" என்று சிறை அதிகாரி கேட்பார். "இல்லை" என்பாள். அவள் என்ன செய்தாள் என்பதைச் சொல்லும் நாலாம் தட்டுதான் எங்கள் வீட்டுக் குப்பையில் போயிருந்தது. கம்பெனிக்காரர்கள் ஒற்றைத் தட்டாகக் கொடுக்கமாட்டார்கள். கொஞ்ச நாளில் அந்தச் செட்டை வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

இதனால் நாடகத்துக்கு மவுசு கூடியதே தவிரக் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் லைன்காரர்கள் எங்கள் வாசலில் கூடிவிடுவார்கள். மூன்றாம் தட்டு முடிந்ததும் சண்டை தொடங்கும்.

"இன்னா பண்ணியிருப்பா, கதவ ஒடைச்சிகினு உள்ள பூந்து அண்ணங்காரன் மண்டையில ஒண்ணு போட்டிருப்பா. நானா இருந்தா அதத்தான் பண்ணுவேன்" என்பாள் பக்கத்து வீட்டுத் தேவகி அத்தை.

"நீ பண்ணுவே. அதுக்குத்தான் நான் வூட்டு கதவ சாத்தறதே இல்ல" என்பார் அவள் புருஷன் கன்னியப்பன் மாமா.

எல்லாரும் சிரிப்பார்கள். தாழ்ப்பாள் விழும் அந்த இடத்தில் மட்டும் அம்மா எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள்; கையில் கரண்டியோடு அங்கேயே நிற்பாள். ஐந்தாம் தட்டு தொடங்கிய பிறகு வந்து உட்கார்ந்துகொள்வாள். ஒரே ஒரு தடவை, யாரிடம் என்றில்லாமல், "திருடியிருக்க மாட்டா" என்று சொன்னாள்.

நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கையில் ஏகாம்பரம் ஆள் அனுப்பினார். அப்பாவும் நானும் போனோம்.

"இன்னா சாமுவேலு, உன் நாலு நம்பர் பிளேட்டு வந்துகீது."

"எவ்ளோண்ணே?"

"காசு வாணாம்பா. பிளேட்டுக்கு பிளேட்டு. உன் வூட்ல கீர்த்தனை பிளேட்டு ரெண்டு கீதில்ல, கீறலே இல்லாம? அத எடுத்தா."

அவை அப்பா அம்மாவின் கல்யாணத்துக்குச் சபையார் கொடுத்த பரிசு. அப்பா வீட்டுக்கு வந்து வாயைத் திறக்கவே தயங்கினார். அம்மாவோ கேட்டவுடன் எழுந்து, இரண்டையும் துண்டில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள். "பாட்டு எனக்கு மனப்பாடம். அந்தப் பொண்ணு இன்னா பண்ணாள்னுதான் தெரியல."

"ஒருவாட்டி போட்டு காட்டுங்கண்ணே" என்று அப்பா கடையில் கேட்டார்.

"பொட்டி இங்க ஏதுப்பா? லேபிளப் பாரு, நாலுன்னு போட்டுக்குதில்ல?" பேரம் முறிகிற நேரத்தில் ஏகாம்பரம் கன்னடத்துக்குத் தாவிவிடுவார். "பேக்காத்ரெ தகோ, இல்லாந்த்ரெ பிடு." வேண்டுமானால் எடு, இல்லாவிட்டால் விடு. எடுத்துக்கொண்டு வந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிற்க இடமில்லை. அப்பா பாட்டுப் பெட்டிக்குச் சாவி கொடுத்துப் புது ஊசி மாட்டினார். மூன்றாம் தட்டு முடிந்து தாழ்ப்பாள் விழுந்தது. அம்மா இந்தத் தடவை எழுந்து போகவில்லை. நாலாம் தட்டு சுழன்றது. கரகரப்பு, பிறகு ஊதுகுழல், மேளம், ஓர் இங்கிலீஷ்காரியின் குதூகலமான பாட்டு. திருப்பிப் போட்டார், அந்தப் பக்கமும் அதே கூத்து. பிள்ளைகள் ஆடத் தொடங்கின.

"இன்னா எஸ்தரு, ஜெயில்ல பேண்டு செட்டா?" என்றார் கன்னியப்பன் மாமா. தேவகி அத்தை அவர் தொடையில் பளாரென்று ஒரு அடி வைத்தாள். அதுவரை அந்தப் பாட்டுப் பெட்டியைத் தொட்டே அறியாத அம்மா, போய் ஊசியைத் தூக்கி வைத்தாள்.

மறுநாள் அம்மாவே கிளம்பினாள். நாங்கள் பின்னால் போனோம். கல்லாவில் ஆள் இல்லாததால் நேரே பின்கட்டுக்குள் நுழைந்துவிட்டாள்.  துருப்பிடித்த அண்டாவில், கொசுப் புழு நெளியும் தண்ணீரில் தட்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. உரிந்த லேபிள்கள் தோல்போல் உப்பி மிதந்தன. பக்கத்தில் புளித்த மைதாப் பசை, அதில் செத்த ஈக்கள், அதை நக்கிக்கொண்டிருந்த கரப்பான்கள். ஏகாம்பரம் பசைக் கையோடு நிமிர்ந்தார். முகத்தில் வெட்கம் என்ற ஒன்று மருந்துக்கும் இல்லை.

"வெள்ளக்காரன் பங்களா ஏலத்துல மூட்டை மூட்டையா எடுத்தேம்மா. இங்க எவன் இங்கிலீஷ் டான்ஸு கேக்கறான்? லேபிளு மாத்தினாதான் போவுது."

"நாலு நம்பர் லேபிளு எங்கிருந்து வந்துது?"

"விரிசல் வுட்ட நெஜ நாலு நம்பர் பிளேட்டுலேர்ந்து உரிச்சேன்."

"அது எங்க?"

"வெந்நீர் அடுப்புல போட்டேன். பிளேட்டு அரக்காச்சே, கபகபன்னு எரிஞ்சிது."

"விரிசல் வுட்டா பாடாதா?"

"பாடும். டக்கு டக்குனு சத்தம் வரும். அத யாரு வாங்குவா?"

"நான் வாங்கியிருப்பேனே" என்றாள் அம்மா.

கீர்த்தனைத் தட்டுகளைத் திருப்பிக் கேட்டோம். பெங்களூர் ஆளிடம் அன்று காலையே கைமாறிவிட்டதாம். திரும்பும்போது அம்மா எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். லைன் திருப்பத்தில் நின்று, "எங்கண்ணன்கூட கதவைத்தான் சாத்தினாரு, அடுப்புல போடல" என்றாள்.

அந்த அண்டாவின் நாற்றம்தான் என்னைச் சேகரிப்பாளராக்கியது. பெங்களூரில் கல்லூரியில் படித்தபோது பாடத்தைவிடத் தட்டுக் கடைகளில்தான் அதிகம் படித்தேன். லேபிளை நம்பக்கூடாது, லேபிளுக்கு வெளியே, வரிகள் முடியும் வழுவழுப்பான வளையத்தில், வார்க்கும்போதே பதிந்த ஓர் எண் இருக்கும், அதை ஊறவைத்து உரிக்க எந்த ஏகாம்பரத்தாலும் முடியாது. இதைச் சொல்லிக்கொடுக்கிற கடைதான் கடை. வாங்குமுன் கேட்க ஒரு பெட்டியும் உட்கார ஒரு முக்காலியும் வேண்டும். தட்டுகள் புத்தகம்போல் நிமிர்ந்து நிற்கவேண்டும், செட்டைப் பிரித்து விற்கக்கூடாது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லவேண்டும். விரிசல் விட்டதை விரிசல் என்றே எழுதி, அதையும் வைத்திருக்கவேண்டும். டக் டக் என்ற ஓசைக்கு நடுவிலும் குரல் பிழைத்திருக்கிறது, அந்தக் குரலுக்காக ஒருத்தி எங்கோ காத்திருக்கக்கூடும். லேபிளின் நிறத்துக்காக வாங்கிப் பீரோவில் பூட்டிவைத்து ஒருநாளும் பாடவிடாத பெரிய மனிதர்களையும் பார்த்துவிட்டேன். அவர்கள் மேலும் எனக்கு மரியாதை இல்லை. ஏகாம்பரத்தின் அடுப்புக்கும் அவர்கள் பீரோவுக்கும் தேக்குமரம் ஒன்றுதான் வித்தியாசம்.

ஏகாம்பரம் கடை இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் செருப்பு விற்கிறார்கள். முன்னைவிட வாடை குறைவு. லைனில் வீட்டுக்கொரு டிரான்சிஸ்டர் வந்துவிட்டது, அவரவர் சத்தம் அவரவருக்கு. ஞாயிற்றுக்கிழமை வாசலில் யாரும் கூடுவதில்லை. தேவகி அத்தை குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது. அப்பா வேலையிலிருந்து நின்று, நெஞ்சில் சேர்ந்த பாறைத் தூசியை இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

என் கடைக்காக ஆண்டர்சன்பேட்டையில் ஓர் அறை பார்த்திருக்கிறேன். அதைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கோலாரில் ஒரு பழைய இரும்புக் கடைக்காரரிடம் உடைசல் தட்டுகள் கோணிக் கோணியாகக் கிடக்கின்றன. "ஒடைஞ்சத வெச்சிகினு இன்னாம்மா பண்ணப்போறே?" என்று சிரித்தார், பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தார். எங்கள் மூன்றாம் தட்டிலும் ஐந்தாம் தட்டிலும் பதிந்த எண்கள் என்னிடம் இருக்கின்றன. நடுவில் வரவேண்டியவை எவை என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், கோணிகளை அவிழ்த்து, எண் பொருந்துகிற விரிசலை எல்லாம் அங்கேயே போட்டுக் கேட்கப்போகிறேன்.

நேற்று இதை அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்பங்கரையிலிருந்து வந்து நின்றாள்.

"நானும் வரேன். பொட்டிக்கு சாவி குடுக்க ஒரு ஆளு வேணுமில்ல?"