சாட்டைக் காசின் பின்பக்கம்

எல்வுட் டைஷர் காலையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவார், சாயங்காலம் மறுபடி ஓட்டுவார். நடுவில் கிடைக்கிற நேரமெல்லாம் செம்புக் காசுக்குத்தான். அந்தக் காலத்து ஒரு சென்ட், இப்போதைய சென்ட் இரண்டை மேலே வைத்தாலும் மூடாத அளவு பெரிசு.

கல்யாணமான புதிதில் அடுக்களைத் தரையைப் பெயர்த்தபோது, பலகைக்கு அடியில் கரேலென்று ஒன்று கிடந்தது. பிறகு ரெடிங் ஊர்ப் பக்கத்தில் ஒரு ஏலத்தில் அதே வருஷத்துக் காசு இன்னொன்று கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பின்பக்கத்தில் பொறித்த இலைமாலையில் ஒரு இலையின் நுனி ஒன்றில் எழுத்தின் காலைத் தொட்டது, மற்றதில் தொடவில்லை. ஏன் தொடவில்லை? அந்தக் கேள்விக்குள் போனவர்தான், முப்பது வருஷமாகியும் வெளியே வரவில்லை.

பதிலென்னவோ சின்னதுதான். அப்போதெல்லாம் காசு அடிக்கிற அச்சைக் கையால் செய்தார்கள். ஒன்றைப் போல ஒன்று வராது. அச்சு விரிசல் விட்டாலும் லேசில் தூக்கிப் போடமாட்டார்கள். அந்த விரிசல் காசில் மெல்லிய கோடாக எழும்பி நிற்கும். எந்த முன்பக்க அச்சு எந்தப் பின்பக்க அச்சோடு ஜோடி சேர்ந்தது என்பதை வைத்துத்தான் ரகம் பிரிப்பது. கர்த்தர் மனுஷ முகங்களைச் செய்த மாதிரி யாரோ ஒருவன் இலைகளைச் செய்திருக்கிறான் என்று எல்வுட் நினைத்துக்கொள்வார். சபையில் யாரிடமும் சொன்னதில்லை, சிரிப்பார்கள்.

மாதம் ஒரு முறை காசுக்காரர்கள் லூத்தரன் கோயிலின் கீழ்க்கூடத்தில் கூடுவார்கள். காபியும், வெல்லப்பாகு வைத்துச் சுட்ட மொலாசஸ் பை பலகாரமும் இருக்கும். பங்குனி வாக்கில், பனி கரைகிற சமயத்தில், ஒப்பீடு நடக்கும். எல்லோரும் ஒரே ரகத்தில் தங்களிடம் உள்ள காசைத் துணியில் முகம் மேலே தெரிய வைப்பார்கள். லென்சோடு சுற்றி வந்து எது நல்ல நிலையில் இருக்கிறது, எது மோசம் என்று வரிசைப்படுத்துவார்கள்.

அந்த வருஷம் எடுத்துக்கொண்டது சாட்டைக் காசு. ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டில் அடித்தது. ஓரத்தில் புறப்படுகிற விரிசல், காசில் உள்ள பெண் முகத்தின் மோவாய்க்குக் கீழே வளைந்து கூந்தலில் சாட்டை வீசினாற்போல முடியும். காசு எவ்வளவு தேய்ந்தாலும் சாட்டை தெரியும். அந்த முகத்துக்கு ஒரே ஒரு பின்பக்கம்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதனால் யாரும் திருப்பிப் பார்த்து ரகம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

வெர்னா ட்ரெக்ஸ்லருடைய காசு எப்போதும் போல வரிசையில் கடைசியாக வந்தது. வெர்னா காலுறை மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர், எல்வுட்டைவிடப் பத்து வயது மூத்தவர்.

"இதை ரயில் தண்டவாளத்துல வச்சு எடுத்தியா வெர்னா?" என்றார் கசாப்புக்கடை ஹார்வி.

"இல்ல, உன் கடை ஸ்டீக் இறைச்சி மேல வச்சுத் தட்டினேன். ஸ்டீக்குக்கு ஒண்ணும் ஆகல."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கோப்பை கழுவும்போது வெர்னாவின் முகம் வாடியிருந்ததை எல்வுட் கவனித்தார்.

"வெர்னா, எங்கிட்ட இதே காசு ரெண்டு இருக்கு. ஒண்ணு நீங்க எடுத்துக்குங்க, உங்களுதை எனக்குக் குடுங்க."

"இந்தத் தகட்டை வச்சு என்னப்பா பண்ணப்போற?"

"தேஞ்ச காசு எனக்குப் பிடிக்கும். எத்தனை கை பட்டிருக்கும் பாருங்க."

மறுநாள் மத்தியானம் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து, அடுக்களை மேசையில் உட்கார்ந்து, அந்தக் காசை ஒட்டக மயிர்த் தூரிகையால் மெதுவாக வருடினார். முகம் முடிந்தது. திருப்பினார். கை நின்றுபோனது.

மாலையின் உச்சி இலை எழுத்துக்கு அடியில் முடியவேண்டும். இதில் இரண்டு எழுத்துக்கு நடுவே, வெற்றிடத்தில் முடிந்தது. இந்தப் பின்பக்கம் அவருக்குத் தெரிந்ததுதான், ஆனால் அது வேறொரு முகத்தோடு வருவது. அந்தக் காசையும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். சந்தேகமே இல்லை, அதே இலைதான். யாராவது இரண்டு காசைப் பாதியாக அறுத்து ஒட்டியிருப்பானோ என்று விளிம்பு முழுக்க லென்சால் தேடினார். ஒட்டு இல்லை. இந்த இரண்டு அச்சும் சந்தித்ததே இல்லை என்றுதான் அத்தனை பேரும் சொல்லிவந்தார்கள். இங்கே முதுகோடு முதுகாக இருந்தன.

புது ஜோடியைக் கண்டவன் பெயரை இந்தக் கூட்டம் மறக்காது. எல்வுட் அதுவரை புதிதாக எதையும் கண்டதில்லை. இதில் மோசடியும் இல்லை. அடுத்தவர் காசுத் தட்டில் தெரியாமல் கிடப்பதைக் கண்டுபிடித்து வாங்கி வருவதுதான் அவர்களுக்குள் பெருமை. வெர்னாவே ஒரு வியாபாரியிடம் அப்படி வாங்கியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆனாலும் வெர்னாவிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தார். சொன்னால் திருப்பிக் கேட்பார். கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும்.

இரண்டு நாள் கழித்து மனைவி எர்மா அவர் சாப்பிடாமல் வைத்த தட்டைப் பார்த்தாள். "அந்தக் காசைத் திருடிட்டா வந்தீங்க?"

"இல்ல."

"அப்புறம் ஏன் சோறு இறங்கல?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வெர்னா இரண்டு பெஞ்சுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எல்வுட் கண்ணை மூடி ஜெபித்தார். மூடின கண்ணுக்குள்ளும் இலைதான் தெரிந்தது. கர்த்தரிடம் கேட்டது காசையா, அதைத் திருப்பிக் கொடுக்கிற மனசையா என்று அவருக்கே தெரியவில்லை. ஆராதனை முடிந்ததும் நேரே வெர்னாவின் வீட்டுக்குப் போய், காசைப் பின்பக்கம் மேலே இருக்க மேசையில் வைத்தார்.

"என்னப்பா, திருப்பிக் குடுக்க வந்தியா? உன் காசை நான் தரமாட்டேன், சொல்லிட்டேன்."

"முதல்ல பாருங்க."

வெர்னா லென்சைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டார். பிறகு காசைத் திருப்பிச் சாட்டையைப் பார்த்தார், மறுபடி இலையைப் பார்த்தார்.

"பதினெட்டு வருஷம் என் அலமாரியில இருந்துச்சு," என்றார். குரல் உடைந்திருந்தது. "முகத்தைப் பாத்தே முடிவு பண்ணிட்டேன். ஒரு நாளாவது திருப்பிப் பாத்தேனா?"

"இது உங்களுதுதான் வெர்னா. என் காசையும் வச்சுக்குங்க."

"சும்மா இரு. மாத்தினது மாத்தினதுதான்." மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். "இந்தப் பின்பக்கம் உன் மத்த காசுல எப்படி இருக்கும்? ரெண்டு எழுத்து வழியா ஒரு விரிசல் ஓடுமே?"

"ஓடும். எல்லாக் காசுலயும் இருக்கு. இதுல தேஞ்சுபோயிருக்கும்."

"எழுத்து நிக்குது. பக்கத்துல கோடு மட்டும் எப்படித் தேயும்? நீயே பாரு."

எல்வுட் பார்த்தார். எழுத்துக்கு இடையில் வழவழவென்று இருந்தது. விரிசல் விழுவதற்கு முன்னால் அடித்த காசு. அப்படியானால் இந்த ஜோடிதான் முதலில், மற்ற முகம் அப்புறம் வந்தது. சாட்டை முகத்தை அந்த வருஷத்தில் கடைசியாக அடித்தது என்றல்லவா எல்லோரும் வைத்திருந்தார்கள்? அவர் நாலு நாள் பார்த்தும் கண்ணில் படாத இடம் அது. இலையோடு நின்றுவிட்டார்.

"காசு உன்னுது," என்றார் வெர்னா. "அடுத்த கூட்டம் வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். அன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுவோம். இலையை நீ சொல்லு, விரிசலை நான் சொல்றேன்."

"தினம் வந்து பாக்கலாமா?"

"காலை ஓட்டத்தை முடிச்சிட்டு வா. பிள்ளைங்களை வச்சுக்கிட்டு இங்க நிறுத்தாதே."

அந்த மாதம் முழுக்க மத்தியானத்தில் வெர்னாவின் வாசலில் காலி பஸ் நின்றது. தெருக்காரர்கள் என்னவோ ஏதோ என்று எர்மாவிடமே விசாரித்தார்கள். "செம்பு வியாதி" என்றாள் அவள். உள்ளே இருவரும் சாட்டைக் காசை ஓரமாக வைத்துவிட்டு, அலமாரியிலிருந்த மற்ற காசுகளை ஒவ்வொன்றாக எடுத்து, முகத்தைப் பார்க்காமலே முதலில் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.