நாயாற்றுக்குக் கொண்டுபோன பஞ்சாங்கம்

ஆடி பிறந்த மறுநாள் காலை என் கைத்தொலைபேசிக்கு வந்த செய்தியை அப்படியே தருகிறேன்: “மச்சான், மல்லாவிக்கு வரேக்க எங்கட அம்மா செத்த வருசத்துப் பஞ்சாங்கத்தையும் கொண்டுவா. இந்த முறையாவது நானும் அக்காவும் ஒரே நாளில திவசம் செய்யோணும்.”

அனுப்பியவர் என்னோடு வவுனியாவில் படித்த நண்பர். பழைய பஞ்சாங்கங்களை நான் எறிவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கிழமை தனியாக மோட்டார் சைக்கிளில் வன்னியைச் சுற்றிவருவதாக இருந்தேன். முதலில் மல்லாவியில் நண்பர் வீடு, பிறகு முத்தையன்கட்டுக் குளம், கடைசியாக நாயாற்றுக் கடல். நண்பரின் அக்கா நாயாற்றில்தான் இருக்கிறார். பஞ்சாங்கத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி உடுப்புகளுக்கு நடுவே வைத்துக் கட்டினேன்.

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலம். ஓமந்தையைத் தாண்டியதும் காற்று இடப்பக்கத்திலிருந்து தள்ளத் தொடங்கியது. மாங்குளத்தில் மேற்கே திரும்பியபோது அது நேரே முகத்தில் அடித்தது. காட்டில் பழுக்கும் பாலைப்பழத்தின் பருவம் முடிகிற நேரம் என்றாலும் வீதியோரத்தில் இன்னும் இரண்டு மூன்று இடங்களில் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு பிடி வாங்கித் தின்றுவிட்டு, அதன் பால் ஒட்டிய உதட்டைத் துடைத்துத் துடைத்தே மல்லாவிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நண்பர் முற்றத்து மாமரத்தின் கீழ் இரண்டு கதிரைகளைப் போட்டு வைத்திருந்தார். தேநீர் வருவதற்கு முன்பே கதையைத் தொடங்கிவிட்டார்.

அவருடைய தாய் இறந்தது போர்க்காலத்தில், முல்லைத்தீவுப் பக்கத்தில் அக்கா குடும்பம் இடம்பெயர்ந்து இருந்த கொட்டிலில். எந்த ஆண்டு என்பது அவர்கள் வீட்டு விடயம், இங்கே எழுதவில்லை. நண்பர் அப்போது வவுனியாவில் வேலையில் இருந்தார். பாதை பூட்டியிருந்ததால் செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. அம்மா இன்ன நாள் பின்னேரம் ஆறு மணிக்குப் போய்விட்டார் என்ற செய்தி மட்டும் ஆள்மாறி ஆள் சொல்லி வந்து சேர்ந்தது. அதை வவுனியாவில் ஒரு ஐயரிடம் சொல்லித் திதி கேட்டார். தேய்பிறைச் சப்தமி என்றார் ஐயர். அங்கே அக்காவும் அதே நாளையும் அதே ஆறு மணியையும் தன் பக்கத்து ஐயரிடம் சொன்னார். அவர் அட்டமி என்றார். பாதை திறந்த பிறகுதான் இந்த வித்தியாசம் தெரியவந்தது. அன்றிலிருந்து தம்பிக்கு ஒரு நாள், அக்காவுக்கு மறுநாள்.

“நான் படைச்சு வைச்சுப் பாத்துக்கொண்டிருக்கிறன், அவா வரேல்லை. என்ன சொல்லி அனுப்பினவா தெரியுமே? அம்மா உயிரோட இருக்கிற நாளில அவனுக்கென்ன திவசம் எண்டு.”

குசினிக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: “நீங்கள் சொன்னதையும் சொல்லுங்கோவன். ஒரு நாள் பிந்தின சோத்தை நான் தின்னமாட்டன் எண்டு சொன்னது ஆர்?”

“அது கோவத்தில சொன்னது.”

“அவா மட்டும் சந்தோசத்திலயே சொன்னவா?”

பஞ்சாங்கத்தை விரித்தேன். அது திதி முடிவை நாழிகையில்தான் சொல்லும். சூரியன் உதித்ததிலிருந்து எண்ணி மணிக்கு மாற்ற வேண்டும். மாற்றிப் பார்த்தேன். அன்றைய சப்தமி பின்னேரம் ஆறு மணிக்குச் சற்று முன்னர் முடிகிறது. அப்படியென்றால் ஆறு மணிக்கு அட்டமி. பிறகு எப்படி வவுனியா ஐயர் சப்தமி என்றார்? மறுபடி கணக்குப் பார்க்கும்போதுதான் மணிக்கூட்டின் நினைவு வந்தது.

1996இல் அரசாங்கம் நாடு முழுவதும் மணிக்கூட்டை முன்னே தள்ளியது. முதலில் ஒரு மணித்தியாலம், சில மாதங்களில் அது அரை மணித்தியாலமாகக் குறைந்து 2006 வரை நீடித்தது. அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத வன்னிக்குள் அதை ஏற்கவில்லை. வவுனியாவில் புதிய நேரம், சோதனைச்சாவடியைக் கடந்தால் பழைய நேரம். அவர்களின் தாய் இறந்தது அந்த அரை மணி வித்தியாசம் இருந்த காலத்தில். வவுனியாவில் ஆறு மணி அடிக்கும்போது வன்னியில் ஐந்தரை. சப்தமி முடிந்து அட்டமி தொடங்கியது அந்த அரை மணிக்குள்.

“உன்ர ஆறு மணியும் அக்கான்ர ஆறு மணியும் ஒண்டில்லை,” என்றேன். “ரண்டு ஐயர்மாரும் சரியாத்தான் சொல்லியிருக்கினம்.”

நண்பர் பஞ்சாங்கத்தை வாங்கித் தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “அம்மா செத்தது வன்னிக்கை. அப்ப வன்னி நேரம்தானே கணக்கு. அக்கா சொன்னதுதான் சரி. நீயே போய்ச் சொல்லு மச்சான். நான் சொன்னனெண்டால் இப்பதான் விளங்கினதோ எண்டு ஒரு மாதத்துக்குச் சிரிப்பா.”

மறுநாள் விடிய நான் வெளிக்கிட்டபோது, அக்காவுக்கென்று ஒரு பை பாலைப்பழம் தந்தார்.

முத்தையன்கட்டுக் குளக்கட்டில் மதியம்வரை இருந்தேன். தண்ணீர் வற்றி உள்ளே போயிருந்தது. வெளித்தெரிந்த சேற்றுத் தரையில் எருமைகள் படுத்திருக்க, கொக்குகள் அவற்றின் முதுகில் நின்றன. வேறு யாரும் இல்லை. பார்ப்பதற்கென்று மட்டும் போய் இருந்த இடங்களில் அந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அது. பிறகு ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு, அளம்பில், செம்மலை என்று தெற்கே இறங்கினேன். பின்னேரம் நாயாற்றுப் பாலத்தில் நிறுத்தி, ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் கடலுமாக இருந்ததைச் சற்று நேரம் பார்த்தேன்.

அக்கா தன் வீட்டு வளவில் விரித்த வலையில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பாலைப்பழப் பையைக் கண்டதும், “மாமரத்துக்குக் கீழ கதிரை போட்டிருப்பானே?” என்றார்.

“ஓம் அக்கா. உங்கட நாள்தான் சரியெண்டு சொல்லச் சொன்னவன்.”

மணிக்கூட்டுக் கதையை முழுக்கச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே இருந்தார்.

“தம்பி, எங்களிட்ட மணிக்கூடு எங்க இருந்தது? அம்மான்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். மூச்சு நிண்டுது. அந்த நேரம் பக்கத்துக் கொட்டில் ரேடியோவில ஆறு மணிச் செய்தி துவங்கினது. அதை வைச்சுத்தான் ஆறெண்டு சொன்னனான்.”

“எந்த ரேடியோ அக்கா? கொழும்போ, இங்கத்தையோ?”

“ஏன், ரண்டுக்கும் என்ன?”

“கொழும்பு ரேடியோவின்ர ஆறு மணி புது நேரத்து ஆறு. அதெண்டால் தம்பி செய்யிற நாள்தான் சரி.”

“அந்த வீட்டுக்காரர் ரண்டும் கேக்கிறவை,” என்றார் அக்கா. “எனக்கு அந்த நேரம் அம்மான்ர முகம்தான் தெரிஞ்சது. ஆரின்ர குரலெண்டு ஆர் பாத்தது?”

கேட்காமல் விட்டிருக்கலாம் என்று நினைத்தேன். தம்பி ஏற்கெனவே ஒத்துக்கொண்டாயிற்று. அக்கா பேசாமல் இருந்தாலே வென்றுவிடுவார். ஆனால் தொலைபேசியை எடுத்தார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தமாக வைத்துத்தான் கதைப்பார். இருவர் குரலும் கேட்டது.

“டேய், இந்த முறை உன்ர நாளுக்கு நான் வாறன்.”

“இல்லையக்கா, உங்கட நாள்தான் சரியாம். நான் அங்க வாறன்.”

“இவன் இங்க வந்து அதையும் குழப்பிப்போட்டான்.”

“இப்ப என்னவாம்?”

“ரண்டும் சரியாயிருக்கலாமாம்.”

“அப்ப என்ன செய்யிறது?”

“சப்தமிக்கு நான் அங்க சாப்பிடுறன். பின்னேரமே என்னை ஏத்திக்கொண்டு வா. அட்டமிக்கு நீ இங்க சாப்பிடு. தொடர்ந்து ரண்டு நாள் தின்ன உனக்கென்ன கஸ்டமே? உன்ர மனிசிட்டச் சொல்லு, பாயாசத்துக்கு நான் வந்து சக்கரை போடுறன். அவள் போட்டால் காணாது.”

“அக்கா…”

“என்னடா?”

“ஒண்டுமில்லை. ரண்டு நாளைக்கு உடுப்புக் கொண்டுவாங்கோ.”

தொலைபேசியை வைத்துவிட்டு அக்கா மறுபடி கருவாட்டுப் பக்கம் போனார். காற்றில் வலை ஓரம் மடிந்துகொண்டிருந்தது. நான் ஒரு கல்லை எடுத்து வைத்துக் கொடுத்தேன்.

அடுத்து வந்த தேய்பிறையில் இரண்டு திவசமும் நடந்தன. நான் போகவில்லை. இரண்டு வீட்டிலும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார்கள் என்று நண்பர் சொன்னார். பக்கத்துக் கொட்டிலில் இருந்த குடும்பத்தைப் பற்றி விசாரித்துப் பார்த்தேன். பிறகு அவர்கள் வவுனியாப் பக்கம் போனார்கள் என்று ஒருவரும், இந்தியாவுக்குப் போய்விட்டார்கள் என்று இன்னொருவரும் சொன்னார்கள். அன்று பின்னேரம் அங்கே கேட்டது எந்த வானொலியின் செய்தி என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.