நரித்தோல் தொப்பிக் குதிரைவீரன்

“அட்டையில கிரேக்கன் எண்டு கிடக்கு, தங்கச்சி. பேராசிரியர்மார் எழுதினது. நீங்கள் வந்து மாத்தப் போறியளோ?”

ஹம்பேர்க்கில் ஓர் அருங்காட்சியகத்தின் களஞ்சிய அறையில் அந்த யாழ்ப்பாணத்து அண்ணை என்னை இப்படித்தான் வரவேற்றார். பழம்பொருட்களை எடுத்துக் கொடுத்துத் திரும்ப வைப்பது அவர் வேலை. உயரமான, ஒல்லியான மனிதர். எதையும் இரண்டு கையாலும்தான் தூக்குவார்; பென்சிலைக்கூட.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துப் பல்கலைக்கழகம் வரை வந்த முதல் ஆள் நான். விரல் நீளமுள்ள அந்த வெண்கலக் குதிரைவீரன் திரேசியன் என்பது என் வாதம். திரேசியர் கிரேக்கத்துக்கு வடக்கே வாழ்ந்தவர்கள், நரித்தோல் தொப்பி அணிந்தவர்கள். அட்டையோ அவன் தலையில் இருப்பது சுருள்முடி என்றது. பட்டியலில் முன்பக்கப் படம் மட்டுமே இருந்தது. தொப்பி இல்லையென்றால் என் ஆய்வேடும் இல்லை.

“முதுகை ஒருக்காக் காட்டுவியளோ, அண்ணை?”

கையுறை மாட்டி மெல்லத் திருப்பினார். பிடரியிலிருந்து இடுப்புவரை ஒரு நரிவால் தொங்கியது. எனக்குக் கூரை அதிரச் சிரிக்க வேண்டும் போலிருந்தது.

அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “இருபது வருசமா இவரைத் தூக்கிறன். விழுத்திப் போடுவனோ எண்ட பயத்தில ஒருநாளும் வடிவாப் பார்க்கேல்லை. நீங்கள் சொன்னது சரி.”

அலமாரித் தட்டில் திரும்ப வைக்கும்போது வீரனின் முதுகு வெளியே தெரியும்படி வைத்தார். எனக்காகவா தனக்காகவா என்று இன்னும் யோசிக்கிறேன்.

அன்று பின்னேரமே முதுகுப்பக்கப் படங்களை என் பேராசிரியைக்கு அனுப்பி, ஆய்வேட்டின் தலைப்பைப் பதிவு செய்துவிட்டேன்.