சக்கரத்தைப் பார்த்த கண்

கூட்ஸ் டிரைவருக்கு எல்லா வண்டியும் மூத்த வண்டிதான். பின்னால் எக்ஸ்பிரஸ் வந்தால் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக நான் ஒதுங்கியே பழகியவன். டீசல் ஓட்டிய காலத்தில், நின்றாலும் எஞ்சின் தடதடத்துத் துணைக்கு இருக்கும். கரண்ட் எஞ்சின் லேசாக முனகுவதோடு சரி. நாம் தனியாள் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

மகள் முதல் வேலைக்காகச் சென்னைக்குக் கிளம்பினாள். சாத்தூர் ஸ்டேஷனுக்கு வந்து ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தேன். முந்தின நாளே டூட்டிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். "ஆடிக்கொருக்கா அமாவாசைக்கொருக்கா வீட்டுக்கு வார மனுசன், இதுக்கும் இல்லைன்னா எப்படி?" என்றாள் மனைவி. மகள் என் டூட்டிப் பையை எடுத்துக் கொடுத்தாள். அதுதான் வலித்தது.

மறுநாள் சாயங்காலம் தூத்துக்குடிப் பக்கமிருந்து நிலக்கரி லோடோடு திரும்பினேன். சாத்தூரில் நிற்காமல் போகப் பச்சை கிடைத்தது. பிளாட்பாரத்துக்கு அவள் இன்னும் வந்திருக்கவில்லை. வேண்டும் என்கிறபோது சிவப்பு விழுந்து தொலைக்காது.

அடுத்து துலுக்கப்பட்டியில் ஒதுக்கிவிட்டார்கள். எந்த வண்டிக்காக என்று விசாரித்தேன். அவள் வருகிற எக்ஸ்பிரஸுக்காகத்தான். வண்டி ஓடும்போது போனை அணைத்து வைக்க வேண்டும். நின்றிருந்ததால் ஆன் செய்து கூப்பிட்டேன்.

"அப்பா, எங்கன நிக்கீக?"

"துலுக்கப்பட்டியிலம்மா. ஒன் வண்டிக்குத்தான் வழிவிட்டு நிக்கேன். எந்தப் பக்கம் உக்காந்திருக்க?"

"இடது பக்கம், ஜன்னலோரம். கையில ஒண்ணு வச்சிக் காட்டுதேன். பாருங்க."

என் வண்டியும் அதே பக்கம்தான் நின்றது. ஒரு வண்டி கடந்து போகும்போது, நிற்கிற வண்டிக்காரர் கீழே இறங்கி அதைக் கவனிக்க வேண்டும். புகைகிற சக்கரம், தொங்குகிற கம்பி என்று ஏதாவது இருந்தால் சிவப்புக் கொடி. இல்லையென்றால் பச்சை. வழக்கமாக உதவி டிரைவர்தான் இறங்குவார். அன்று அவரிடமிருந்து கொடிகளை வாங்கிக்கொண்டு நான் இறங்கினேன். கருவேலங்காட்டுக்கு மேலே இன்னும் வெளிச்சம் இருந்தது. முகம் தெரியும் என்று நம்பினேன்.

எக்ஸ்பிரஸ் புழுதியோடு வந்தது. எஞ்சின் போனது. முதல் பெட்டி, இரண்டாவது பெட்டி. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு பச்சைக் கொடி நீட்டினார். நானும் நீட்டினேன்.

கொடியைச் சுருட்டும்போதுதான் உணர்ந்தேன். ஒரு ஜன்னலைக்கூட நான் பார்க்கவில்லை. எஞ்சின் கடந்ததும் கண் தானாகச் சக்கரத்துக்கு இறங்கி, கடைசிவரை அங்கேயே இருந்திருக்கிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். தொட்டிலில் இல்லை, தண்டவாளத்தில் வந்த பழக்கம். ஜல்லிக் கற்கள் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் மேலேயே எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

போன் அடித்தது.

"பாத்தீகளாப்பா?"

"பாத்தேன்மா."

"கையில என்ன வச்சிருந்தேன்?"

கருவேலங்காட்டுக்குள் ஏதோ பறவை கத்தியது. அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன்.

"சக்கரமெல்லாம் நல்லா இருந்துச்சாப்பா?" என்றாள்.

"அம்புட்டும் நல்லா இருந்துச்சும்மா. பயமில்லாமப் போ."

எனக்குப் பச்சை விழுந்தது. போனை அணைத்துவிட்டு எஞ்சினில் ஏறினேன்.