சுவரில் முடிந்த குழாய்

பழைய கட்டடங்களில் காற்றோட்டக் குழாய்களைப் புதுப்பிப்பது என் தொழில். எங்கள் ஊர்ச் சூலியா தெருவுக்குப் பின்னால் துணி வெளுத்துத் தேய்த்துத் தரும் ஒரு டோபிக் கடையில் வெக்கை தாங்கவில்லை என்று, அதைப் புதிதாக வாங்கிய முதலாளி என்னை அழைத்திருந்தார்.

அங்கே துணி தேய்ப்பவர் செல்வி அக்கா. அவர் கணவரும் அதே மேசையில் தேய்த்தவர்தான். நெஞ்சு நோய் வந்து சில மாதங்களுக்கு முன் இறந்துபோனார்.

கூரையடியில் நீராவியைக் குழாய் வழியே வெளியே தள்ளும் காற்றாடி நன்றாகவே சுற்றியது. ஆனால் குழாயைக் கழற்றிப் பார்த்தால், மறுமுனையில் செங்கல் சுவர். பக்கத்துக் கடையைப் புதுப்பித்தவர்கள் வெளிவாயை அடைத்துவிட்டிருந்தார்கள். நீராவியெல்லாம் அறைக்குள்ளேயே சுழன்றுகொண்டிருந்தது.

"எப்ப அடைச்சது தம்பி?" என்று கீழிருந்து கேட்டார் அக்கா.

"பக்கத்துல ரெனோவேஷன் நடந்தப்பவே அக்கா."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அப்பதான் அவரு மூச்சு முட்டுதுன்னு சொல்ல ஆரம்பிச்சாரு. காத்தாடிதான் சுத்துதே, சாக்கு சொல்லாதீங்கன்னு நான் திட்டிக்கிட்டே இருந்தேன் லா."

அதனால்தான் அவர் இறந்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன், பொய் வரவில்லை.

"அவரு சொன்னது உண்மைதான் அக்கா."

மேசையில் கிடந்த யாருடைய சட்டையிலோ முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். பிறகு அந்தச் சட்டையையே மறுபடி தேய்க்கத் தொடங்கினார்.

இப்போதெல்லாம் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் அங்கே வேலை செய்கிறவர்களிடம் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். பதில் வரும்வரை நான் காத்திருக்கிறேன்.