அம்பாரத்தின் அடி உப்பு

கணக்குப்பிள்ளை வேலை பார்க்கிறவனுக்கு முதலில் கண் போகும், பிறகு முதுகு போகும், கடைசியில் தூக்கமும் போகும். தாணுலிங்கத்துக்கு மூன்றும் வரிசை தவறாமல் போயிருந்தன. தூத்துக்குடியிலிருந்து வேம்பார் போகிற சாலையில், கீழைக்கடல் உப்புக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் தலைமைக் கணக்கர். 1976 ஜூனில் ஐம்பத்தெட்டு முடிகிறது. சட்டப்படி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

போகத்தான் அவருக்கும் ஆசை. ஆனால் மகள் சீனித்தாய் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் படித்து முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொள்கிற வரைக்கும் வீட்டில் சம்பளம் வர வேண்டும். இன்னும் இரண்டு வருஷம் வேலை நீட்டித்துத் தரும்படி மானேஜர் மந்திரமூர்த்தியிடம் மனுக் கொடுத்திருந்தார். மனு கொடுத்த நாளிலிருந்து மானேஜர் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் டில்லியிலிருந்து புது ஆணை வந்து சேர்ந்தது. அதுவரை ஆடிட்டர் ஜெபசிங் வருஷத்துக்கு ஒருமுறை பாளையங்கோட்டையிலிருந்து வருவார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பேரேட்டைப் புரட்டுவார். ஒரு கலர் சோடா குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். கையிருப்பு உப்பு இத்தனை டன் என்று தாணுலிங்கம் எழுதினால் அது அத்தனை டன்தான். இனிமேல் அப்படி முடியாதாம். சரக்கை நேரில் அளந்தார்களா, அளந்ததும் ஏட்டில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டுமாம். ஜெபசிங் நல்ல மனுஷன். மார்ச் கணக்குக்கு அளவுத் தாள் வேண்டும், பத்து நாளில் வருகிறேன் என்று முன்கூட்டியே கடிதம் போட்டார்.

மந்திரமூர்த்தி கடிதத்தை ஒரு விரலால் ஒதுக்கினார். "அளந்தாச்சுன்னு ஒரு தாள எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க அண்ணாச்சி. ஒங்க மனுவும் எம் மேசைலதான் கெடக்கு."

இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு எதை விளக்க வேண்டும்? தாணுலிங்கம் வெள்ளைத்தாளை எடுத்து வைத்தார். எழுதவும் தொடங்கினார். பாதியில் என்ன தோன்றியதோ, குடையை எடுத்துக்கொண்டு தட்டுமேட்டுக்கு நடந்தார். பாத்தியில் வாரிய உப்பைக் கொண்டுவந்து அம்பாரமாகக் குவித்து வைக்கும் மேடு அது. அவர் அங்கே போய் ஏழெட்டு வருஷம் இருக்கும்.

வெயில் உப்பில் பட்டுக் கண்ணைப் பொசுக்கியது. அம்பாரக் கங்காணி நல்லக்கண்ணு ஓலை நிழலில் இருந்து எழுந்து வந்தான். தாணுலிங்கம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: லாரிக்குப் பாரம் ஏற்றி முடிந்த பழைய அம்பாரத்தில் இப்போது மிச்சம் எவ்வளவு கிடக்கிறது? நல்லக்கண்ணு கடப்பாரையைக் கொண்டுவந்து ஓங்கிக் குத்தினான். மேலே ஓர் உள்ளங்கை அளவுக்கு வெளுப்பு. அதற்குக் கீழே கறுப்புக் களிமண். இன்னோர் இடத்தில் குத்தினான், அங்கேயும் மண். தாணுலிங்கம் குனிந்து அந்த மண்ணைக் கிள்ளிப் பார்த்தார்.

"ஏலே, ஒவ்வொரு வருசமும் ஒரு முழம் மிச்சம் விடுவீங்களே, அதெல்லாம் எங்கல?"

"அது லெச்சுமிக்கு விடுததுல்லா அண்ணாச்சி. அடி வழிச்சா அடுத்த வருசம் வெளையாது. ஐப்பசி மழைக்கு அது கரைஞ்சி மண்ணோட மண்ணாயிரும். அதப் போயி யாரு கணக்குல வச்சிருக்கா?"

யார் வைத்திருப்பார்கள், இவர்தான். விளைந்ததில் விற்றதைக் கழிப்பார். மிச்சத்தை அடுத்த வருஷத்துக்குத் தூக்கி எழுதுவார். வீட்டில் மனைவி செல்லத்தாய் அரிசிப் பானையைத் துடைக்காமல் ஒரு பிடி விட்டு வைப்பது தெரிந்த மனுஷனுக்கு, அம்பாரத்திலும் அப்படித்தான் விடுவார்கள் என்பதும் தெரியும். மழை அதைத் தின்றுவிடும் என்பதுதான் புத்தியில் ஏறவில்லை. வருஷா வருஷம் கரைந்துபோன உப்பை இருபத்திரண்டு வருஷமாக அழகான கையெழுத்தில் சேர்த்து வைத்திருந்தார். மூன்று நாள் எல்லா அம்பாரத்தையும் குத்திப் பார்த்ததில் ஆயிரத்து நானூறு டன் மண்ணுக்குள் போயிருந்தது. நாற்பத்தொன்பதாயிரம் ரூபாய். அந்த வருஷத்து லாபமே முப்பத்தோராயிரம்தான்.

உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளை நேராக ஜெபசிங் கையில் கொடுத்தார். அரிச்சந்திரன் என்று யாரும் அவருக்கு மாலை போட வேண்டாம். பொய்யை இன்னொரு வருஷம் தூக்கிச் சுமக்க அவரிடம் தெம்பில்லை, அவ்வளவுதான். வேலை போயிற்று என்று வீட்டில் சொன்னார். செல்லத்தாய் திட்டவில்லை, அழவும் இல்லை. பசுமாட்டை விற்றால் மகளின் ஒரு வருஷத்துப் படிப்புக்குத் தேறுமா என்று மட்டும் கேட்டாள்.

மானேஜர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டார். மேசையில் காப்பி இருந்தது. பழைய வருஷக் கணக்கைத் திருத்த முடியாது, மொத்தமும் இந்த வருஷத்துத் தலையில்தான் விழும் என்று ஜெபசிங் சொல்லிவிட்டாராம். ஆகப் பதினெட்டாயிரம் நஷ்டம். சொல்லும்போது மந்திரமூர்த்தி முகத்தில் கவலையையே காணோம். வேலை நீட்டிப்பு உத்தரவை எடுத்து நீட்டினார்.

"நல்ல காரியம் செஞ்சீங்க அண்ணாச்சி. ஆடிட்டரே நட்டம்னு எழுதிட்டாரு. இனி போனஸ்னு எவனும் வாயத் தொறக்க முடியாதுல்லா."

போன வருஷம் வந்த சட்டம் அப்படி: லாபம் இல்லையென்றால் போனஸும் இல்லை. தாணுலிங்கத்துக்கு இது தெரியாததல்ல. தன் தலை போகிற பயத்தில் உப்பளத்தில் வேலை செய்கிற நூற்று நாற்பது பேரை அவர் மறந்துபோயிருந்தார். சீ, என்ன பிழைப்பு என்று இருந்தது. உத்தரவை மேசையிலேயே வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். வைக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காப்பியையும் குடித்தார்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், இந்த வருஷம் போனஸ் இல்லை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததை யாரோ வாசித்துக் காட்ட, நல்லக்கண்ணு ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து நின்றான்.

"நட்டமாமே அண்ணாச்சி. அந்த அடி உப்பாலயா?"

தாணுலிங்கம் ஆமாம் என்றார். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பிறகு, ஜூனிலேயே அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தட்டுமேட்டில் எல்லாரும் பேசிக்கொண்டதைச் சொன்னான்.

"அன்னைக்கு அந்த வெயில்ல மூணு நாளு எங்ககூட அலைஞ்சீங்க. ஒங்களையாவது வச்சிக்கிட்டாவளே, எங்களுக்கு அது போதும்."

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவன் போய்விட்டான். அவன் வாசல் தாண்டும்வரை தாணுலிங்கம் தலையை நிமிர்த்தவில்லை.