வெள்ளவத்தைச் சோதனைச்சாவடியில் ஒரு ஃப்ளாஸ்க்

தொண்ணூறுகளின் பின்பாதி. நான் கொழும்பில் ஆராய்ச்சி மாணவி. வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்திருந்தேன். அம்மா யாழ்ப்பாணத்தில். போரால் ஊருக்குப் போகும் தரைப்பாதை பூட்டி வருடங்களாகியிருந்தன. அம்மாவை நினைக்காத நாளில்லை. ஆனாலும் யாராவது ஊர் எதுவென்று கேட்டால், "வெள்ளவத்தை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். யாழ்ப்பாணம் என்று உரக்கச் சொல்வது அந்த நாளில் வம்பை விலைக்கு வாங்குகிற வேலை.

என் ஆராய்ச்சி ஒரு புரதத்தைப் பற்றியது. நம் உடம்பின் கலங்களில், அதாவது செல்களில், புதிய புரதம் உருவாக வேண்டுமென்றால், அதற்கான செய்தியைக் கொண்டுவரும் ஆர்.என்.ஏ. இழையின் நுனியை முதலில் இந்தப் புரதம் பிடிக்க வேண்டும். குவித்த உள்ளங்கை மாதிரி இதில் ஒரு குழி இருக்கிறது. நுனி அதற்குள் போய் அமர்ந்த பிறகுதான் மற்ற வேலைகள் தொடங்கும். அந்தக் குழியில் ஓர் இடத்தை மட்டும் மாற்றினால் பிடி நிற்குமா, நழுவுமா? இதுதான் என் கேள்வி. கேட்பதற்குச் சின்னக் கேள்வி, ஆனால் என் இளமையில் பாதியைத் தின்றுவிட்டது.

ஆர்.என்.ஏ. சரியான தொட்டாச்சிணுங்கி. வெறும் விரல் பட்டாலே தோலில் இருக்கும் நொதி அதைத் துண்டு துண்டாக்கிவிடும். போதாக்குறைக்கு மின்வெட்டு வேறு. எங்கள் குளிர்ப்பெட்டியை நம்ப முடியாமல், மிஞ்சியிருந்த ஒரே ஆர்.என்.ஏ. குழாயைத் தெஹிவளையில் ஜெனரேட்டர் உள்ள ஓர் ஆய்வுகூடத்தில் வைத்திருந்தேன். அப்போதுதான் கப்பலில் ஊருக்குப் போக அனுமதி கிடைத்தது. கடைசிப் பரிசோதனையை முடித்தால் புறப்படலாம். குழாய் கெட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதற்குள் அனுமதி காலாவதியாகிவிடும். அம்மாவைப் பார்ப்பது மறுபடி எப்போதோ.

பரிசோதனை அன்று காலை தெஹிவளையில் குழாயை எடுத்து, ஐஸ் நிரப்பிய ஃப்ளாஸ்கில் வைத்து எங்கள் ஆய்வுகூடத்துக்கு பஸ் ஏறினேன். வெள்ளவத்தையில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். பெண்களுக்குத் திரைக்குப் பின்னால் ஒரு பெண் பொலிஸ். என் அடையாள அட்டையில் ஊரைப் பார்த்ததும் ஃப்ளாஸ்கைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். குழாயை எடுக்கக் கையை நீட்டினார். கையால் தொட வேண்டாம் என்று சிங்களத்தில் கத்திவிட்டேன். சோதனைச்சாவடியில் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அதுதான். அவர் முகம் இறுகியது.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற வயதான பெண் ஒருவர், "பிள்ளை, காட்டிப்போட்டு வாங்கோவன், ஏன் வீண் கரைச்சல்?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் அரைகுறைச் சிங்களத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். இழை, கை பட்டால் கெட்டுப்போவது, பரிசோதனை, கப்பல், அம்மா. யாழ்ப்பாணம் என்ற சொல்லும் கூடவே வந்து விழுந்தது.

அந்தப் பெண் பொலிஸ் தன் பையிலிருந்து, சோற்றுப் பார்சல் சுற்றும் புது லஞ்ச் ஷீட் ஒன்றை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். குழாயை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு ஐஸுக்குள் வைத்து மூடினார். போகலாம் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, தங்கச்சியைக் கூப்பிடுவது போலச் சிங்களத்தில் கேட்டார்:

"நங்கி, அங்கே கிணற்றுத் தண்ணி எப்படி? உப்பா?"

அவருடைய அண்ணன் இராணுவத்தில், யாழ்ப்பாணத்தில் இருக்கிறாராம். வீட்டுக்கு வந்து நெடுநாளாகிவிட்டதாம். உப்புத் தண்ணீர் சின்ன வயதிலிருந்தே அவருக்கு ஒத்துக்கொள்ளாதாம்.

சில இடங்களில் உப்புத்தான், எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. சாயந்தரக் காற்று, கறுத்தக்கொழும்பான் மாம்பழம், பனங்காய் விழும் சத்தம் என்று சொல்லிக்கொண்டே போனேன். எத்தனை வருடமாக அடக்கி வைத்திருந்தேனோ தெரியாது. கொண்டக்டர் பஸ்ஸைத் தட்டும்வரை அவரும் கேட்டுக்கொண்டு நின்றார்.

பரிசோதனை முடிந்தது. மாற்றிய புரதத்தின் பிடி நழுவியது. கப்பலேறி அம்மாவிடம் போய்ச் சேர்ந்தேன்.

போர் முடிந்தும் வருடங்களாகின்றன, அம்மாவும் இல்லை. கொழும்பில் என் ஊரைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்ட சீருடைக்காரர்கள் எத்தனையோ பேர். ஆசையோடு கேட்டவர் அந்தப் பெண் பொலிஸ் ஒருவர்தான். அவருடைய அண்ணன் வீடு திரும்பினாரா என்று எனக்குத் தெரியாது. அம்மாவை நினைத்து ஏக்கம் வருகிற நாளெல்லாம், முகம் தெரியாத அந்த அண்ணனும் வீடு வந்து சேர்ந்திருக்க வேண்டுமே என்று மனம் கிடந்து தவிக்கிறது.